முட்டைக்கோஸ் சாங்ஷன்

“நிர்மலாவுக்கு முட்டை வேணும், அய்யா.”

திங்கட்கிழமை நன்றி வட்டத்தில் பூங்கொடி இப்படிக் கேட்டுவிட்டாள். வட்டமாக நின்ற அத்தனை பேரும் சட்டென்று தரையைப் பார்த்தார்கள், கேட்ட பொருள் அங்கே விழுந்து உடைந்துவிட்டது போல.

வேலையில் சேர்ந்த அன்றே மேனேஜர் மோகன்குமார் அவளை உட்காரவைத்துப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். இங்கே சம்பளத்தைக் கூட்டிக் கேட்கலாம். கிடைக்காது, ஆனால் கேட்கலாம். லீவு கேட்கலாம். யூனிஃபாரம் துணி அரிக்கிறது என்று வேறு துணி கேட்கலாம். முட்டையை மட்டும் கேட்கவே கூடாது. கறி மீனெல்லாம் பெரிய பாவம், அதைக் கேட்க யாருக்கும் துணிச்சல் வராது. முட்டை சின்னப் பாவம், வாய் தவறி வந்துவிடும், ஜாக்கிரதை.

இடத்தின் பெயர் பூமித்தட்டு. உத்தனப்பள்ளி தாண்டி ராயக்கோட்டை போகும் ரோட்டில் இருந்தது. ஹோட்டல் என்று சொன்னால் மோகன்குமாருக்கு முகம் சுண்டிப்போகும். ‘உண்ணும் தோட்டம்’ என்றுதான் சொல்ல வேண்டும். சனி ஞாயிறுகளில் பெங்களூரிலிருந்து கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள் குடும்பத்தோடு காரில் வருவார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுப் பாத்திக்குள் இறங்கித் தங்கள் கேரட்டைத் தாங்களே பிடுங்குவார்கள். சமையல்காரர்கள் அதை அவர்கள் கண் முன்னாலேயே கழுவி, நறுக்கி, மண்சட்டியில் சமைத்துத் தருவார்கள். தோட்டத்துக்கும் தட்டுக்கும் நடுவில் யாருமில்லை என்று வாசல் பலகையில் எழுதியிருந்தது.

தோட்டத்தில் ஒன்றும் விளையவில்லை என்பது ஒரு சின்னக் குறை. கட்டடம் எழுப்பும்போது மேல்மண்ணை வழித்து லாரி லாரியாக விற்றுவிட்டு, பார்வைக்கு லட்சணமாக இருக்கட்டும் என்று செஞ்சரளை கொட்டியிருந்தார்கள். அதில் பார்த்தீனியம் மட்டும் செழிப்பாக வந்தது. ஆகையால் விடிவதற்கு முன்னால் ஓசூர் மார்க்கெட்டிலிருந்து ஒரு வேன் வரும். பெண்கள் பாத்தியில் குத்தவைத்து உட்கார்ந்து, கேரட்டையும் முள்ளங்கியையும் பீட்ரூட்டையும் இலை வெளியே தெரியும்படி ஒவ்வொன்றாகப் புதைப்பார்கள். தக்காளியைப் பச்சை நூலால் செடியில் கட்டுவார்கள். இந்த வேலைக்கு அங்கே ‘விதைப்பு’ என்று பெயர். ஒருமுறை யாரோ அவசரத்தில் கொத்தாகவே புதைத்துவிட, ஒரு பெங்களூர் அம்மாள் பிடுங்கிய கேரட் கொத்தோடு மார்க்கெட் ரப்பர் பேண்டும் சேர்ந்து வந்துவிட்டது. “ஒண்ணையொண்ணு அணைச்சு வளர நாங்க செடிகளுக்குப் பழக்கம் குடுக்கறோம் மேடம்” என்றார் மோகன்குமார். அந்த அம்மாள் கண்கலங்கிவிட்டாள்.

இதையெல்லாம் கட்டி ஆள்பவர் சௌந்தரராஜன். சிப்காட்டில் இரும்புச் சாமான்களுக்கு முலாம் பூசும் கம்பெனி வைத்திருக்கிறார். வாரம் முழுக்க இரும்புக்குப் பூசுவார். வாரக் கடைசியில் கதர் ஜிப்பா போட்டுக்கொண்டு இங்கே வந்து மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். திங்கட்கிழமை காலையில் வேலைக்காரர்களை வட்டமாக நிறுத்தி மண்ணுக்கு நன்றி சொல்லவைத்துவிட்டுத்தான் கம்பெனிக்குத் திரும்புவார். எல்லோரும் அவரை அய்யா என்பார்கள்.

பூங்கொடியின் வேலை, காய்கறிகளின் கதையை விருந்தாளிகளுக்கு இங்கிலீஷில் சொல்வது. பி.எஸ்ஸி. தாவரவியல். அருப்புக்கோட்டைப் பக்கம் மழை பொய்த்து ஓசூருக்குப் பிழைக்க வந்து, மூக்கண்டப்பள்ளி லைன் வீட்டில் குடியிருக்கும் கருப்பசாமிக்கும் சரஸ்வதிக்கும் மகள். அந்த வம்சத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். அதன் பலன், புதைத்த கேரட்டுக்குப் பூர்வீகம் சொல்வது.

நிர்மலா அந்தக் கேரட்டைப் புதைப்பவள். ஏழு மாதக் கர்ப்பிணி. புருஷன் அஜித்குமார் கிரானைட் லாரியில் கிளீனராகப் போய்விட்டால் எப்போது வருவான் என்று அவனுக்கே தெரியாது. மாமியார் ஜோதியம்மாளும் இங்கேதான் பாத்திரம் கழுவுகிறாள். இப்போது கேரட் பாத்தி இருக்கிற இடத்தில்தான் அவர்கள் வீடு இருந்தது. இடத்தை வாங்கியபோது அய்யா கருணையோடு வளாகத்துக்குள்ளேயே ஒரு ரூம் கொடுத்தார். வேலை இருக்கும்வரை ரூம் உண்டு. ரூமில் அடுப்பு வைக்கக் கூடாது. மெஸ்ஸில் போடுவதைத்தான் தின்ன வேண்டும். வெளிச் சாப்பாடு கேட்டைத் தாண்டி உள்ளே வரக் கூடாது. மார்க்கெட் வேன் மட்டும் வரலாம்.

ஆஸ்பத்திரி நர்ஸ் நிர்மலாவின் கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டுத் திட்டியிருந்தாள். “சுண்ணாம்பு மாதிரி இருக்கியே. மாத்திரையை விடாத. தெனம் ஒரு முட்டை தின்னு. இப்படியே போனா நீயோ கொழந்தையோ, ஒண்ணுதான் மிஞ்சும்.”

அதைத்தான் பூங்கொடி கேட்டாள்.

அய்யா காதருகே கையைக் குவித்தார். “என்னம்மா கேட்டே?”

மோகன்குமார் ஓர் எட்டு முன்னால் வந்தார். “கோஸ் கேக்கறாங்க அய்யா. முட்டைக்கோஸ்.”

வட்டம் மூச்சு விட்டது. அந்த இடத்தில் அந்தச் சொல்லை யாரும் சொல்ல முடியாது. ஆகவே அவள் சொல்லவில்லை என்று முடிவாயிற்று. பூங்கொடி மறுபடி வாயைத் திறந்தாள். பின்னால் நின்ற ஜோதியம்மாள் அவள் இடுப்பில் நறுக்கென்று கிள்ளினாள். “உட்டுடு கண்ணு. உனக்குப் புண்ணியமாப் போவுது.”

அய்யாவின் முகம் மலர்ந்தது. “முட்டைக்கோஸ்! பாருங்கள், ஓர் ஏழைத் தாய் பட்டுப்புடவை கேட்கவில்லை, தங்கம் கேட்கவில்லை. ஒரு கோஸ் கேட்கிறாள். அடுக்கடுக்காக இலைகள்; உள்ளே போகப் போக ஒன்றுமில்லை. அதுதான் தத்துவம், அதுதான் நம் பூமித்தட்டு. தினம் ஒரு கோஸ் அந்தப் பெண்ணுக்கு சாங்ஷன் செய்கிறேன்.”

எல்லோரும் கை தட்டினார்கள். நிர்மலாவும் தட்டினாள்.

மறுநாள் முதல் கோஸ் வந்தது. போட்டோகிராபரும் வந்தார். நிர்மலாவின் வயிற்றுக்குப் பக்கத்தில் கோஸைப் பிடிக்கச் சொல்லி, இரண்டும் ஒரே உருண்டையாகத் தெரியும்படி படம் எடுத்து வெப்சைட்டில் போட்டார்கள். ‘அவளும் பூமியும் தாய்மையில்’ என்று கீழே போட்டிருந்தது. அந்த வரியைத் தமிழில் பெயர்த்தவள் பூங்கொடி.

தினம் ஒரு கோஸ் வந்து ரூம் மூலையில் குவிந்தது. நிர்மலா அதில் ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, “ஏங்க்கா, இதுமேல நான் அடை உக்காந்தா குஞ்சு பொரிக்குமா?” என்றாள்.

சமையல்காரர் திம்மப்பன் வாசலில் நின்று சிரித்தார். “பொரிக்கும் பொரிக்கும். ஆனா குஞ்சும் சுத்த சைவமா இருக்கும். கூவாது, நன்றி மட்டும் சொல்லும்.”

ஜோதியம்மாள்கூட முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்து முடித்ததும் நிர்மலாவுக்கு மூச்சு வாங்கியது. சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். உதடு வெளுத்திருந்தது. அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது, “என்னதான் தின்ன?” என்று நர்ஸ் கத்தினாள். கோஸ் என்று சொல்ல நிர்மலாவுக்கு வெட்கமாக இருந்தது.

பூங்கொடி நேராக மேனேஜர் ரூமுக்குப் போனாள்.

“சார், நான் கேட்டது கோஸ் இல்ல. கோழி போடுற முட்டை.”

“தெரியும்மா.”

“தெரியுமா?”

“எனக்கென்ன தமிழ் தெரியாதா? சேலத்துக்காரன் நான். அய்யா காதுல அது விழுந்திருந்தா அன்னிக்கே உன் சீட்டு கிழிஞ்சிருக்கும். உன் வேலையையும் காப்பாத்தி, அந்தப் பொண்ணுக்கு ஒரு கோஸும் வாங்கிக் குடுத்தேன். வேற எந்த மேனேஜர் பண்ணுவான்?”

“கோஸ் தின்னா ரத்தம் ஊறாது சார். கவர்மெண்டே பள்ளிக்கூடத்துல முட்டை போடுது. ஒங்க வீட்டுல சாப்பிட மாட்டீங்களா?”

மோகன்குமார் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்தினார். “வீடு வேற, விஷன் வேற.”

“அவ செத்துப்போயிருவா சார்.”

“பாரும்மா, நீ பாட்டனி, நான் எம்.பி.ஏ. பிரசவம் நம்ம ரெண்டு பேருக்கும் சப்ஜெக்ட் இல்ல. போய் வேலையப் பாரு.”

அவள் வேலையைப் பார்க்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை வட்டத்தில் தெள்ளத் தெளிவாக, கோழி போடுவது, ஓடு இருக்கும், உள்ளே மஞ்சளாக இருக்கும் என்று விளக்கியே கேட்டுவிட்டாள். இந்த முறை கோஸுக்கு இடமில்லை.

அய்யா கண்ணை மூடிக்கொண்டார். கோபப்படவில்லை, கோபப்படுகிறவர்கள் சாதாரண முதலாளிகள். அவருக்கு வருத்தம் வந்தது. “உன்மேல் தப்பில்லை அம்மா. தலைமுறை தலைமுறையாக உங்கள் நாக்கு அப்படிப் பழகிவிட்டது. நாக்கைத் திருத்தலாம், நேரம் எடுக்கும். ஆனால் இந்த மண்ணின் காதில் அந்தச் சொல் விழுந்துவிட்டதே! அதற்கு யார் பதில் சொல்வது?”

‘உங்கள் நாக்கு’ என்றால் யார் யாருடைய நாக்கு என்று பூங்கொடி கேட்கவில்லை. வட்டத்தில் யாருக்கும் அது தெரியாமல் இல்லை.

மண்ணின் காதைச் சுத்தம் செய்ய அவசரக் கூட்டம் போட்டார்கள். பெங்களூரிலிருந்து சத்துணவு ஆலோசகர் ஒருவர் வந்து நெடுநேரம் படம் போட்டுக் காட்டினார். அதன் முடிவில் ‘முட்டை’ என்ற சொல் வளாகத்துக்குள் தடை செய்யப்பட்டது. கன்னடத்தில் ‘மொட்டெ’ என்றும் சொல்லக் கூடாது. தெலுங்கில் ‘குட்டு’ என்றும் கூடாது.

திம்மப்பன் கையைத் தூக்கினார். “சார், நம்ம வீட்ல தெலுங்கு பேசறதுங்க. பையன் தலைல ஒரு குட்டு வெச்சன்னு தமிழ்ல சொல்லலாமா, அதுவும் கூடாதுங்களா?”

மோகன்குமார் ஆலோசகரைப் பார்த்தார். ஆலோசகர் யோசித்தார். “அடிச்சேன்னு சொல்லுங்க. அதுல பிரச்சினை இல்லை.”

அடுத்ததாகக் கூட்டம் முட்டைக்கோஸ் பிரச்சினைக்கு வந்தது. சைவக் காய்க்குள் இப்படி ஓர் அசைவம் ஒளிந்திருந்ததை இத்தனை காலம் கவனிக்காமல் போனதற்காக அய்யா எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டார். கோஸ் என்று மட்டும் சொன்னாலும் முன்னால் இருந்தது ஞாபகத்துக்கு வரும் என்பதால் அதற்குச் ‘சுருளிலை’ என்று புதுப்பெயர் வைத்து, மெனு கார்டை மறுபடி அச்சடித்தார்கள். மாடு முட்டிவிட்டது என்று தோட்டக்காரர் சொல்லக் கூடாது; மாடு ‘மோதியது’. ஜோதியம்மாளுக்கு முட்டி வலி தீராத வலி. இனிமேல் அது ‘காலின் நடுப்பகுதி’. ‘முட்டாள்’ என்ற சொல்லைப் பற்றி மட்டும் கொஞ்ச நேரம் விவாதம் நடந்தது. நிர்வாகத் தேவை கருதி அதை அனுமதித்தார்கள்.

அந்தக் கூட்டம் முழுக்க, நிர்மலாவின் பெயர் ஒருமுறைகூட வரவில்லை.

அன்று சாயங்காலம் பூங்கொடி வீட்டில் வந்து கொட்டித் தீர்த்தாள். சரஸ்வதி அரிசி களைந்தபடி கேட்டாள். “ஏத்தா, கேட்டாத்தான தரமாட்டேங்கான். கேக்காமக் குடுக்க வேண்டியதுதான?”

அதற்கு வழி அந்த ஊர்ச் சாப்பாட்டிலேயே இருந்தது. ராகிக் களியை உருட்டினால் உள்ளங்கை நிறைய ஓர் உருண்டை வரும். கன்னடக்காரர்கள் அதை முத்தெ என்பார்கள். பூங்கொடியின் டிபன் பாக்ஸை கேட்டில் தினமும் திறந்து பார்ப்பார்கள். ஸ்டாஃப் என்பதால் களியோ சோறோ கொண்டுவர அவளுக்கு மட்டும் சலுகை உண்டு. வாட்ச்மேன் களி உருண்டையைப் பார்ப்பான், முகர்வான், மூடுவான். அதை உடைத்துப் பார்க்க எந்த விதியும் இல்லை. உள்ளே அவித்து உரித்த முட்டை இருந்தது.

முதல் நாள் நிர்மலா உருண்டையைப் பிட்டாள். வெள்ளை தெரிந்தது. அவள் வாசலைப் பார்த்தாள். பிறகு களியை விழுங்குவது போலவே, மெல்லாமல் விழுங்கப் பார்த்து விக்கினாள்.

“மென்னு தின்னு. யாரும் பாக்கல.”

“முத்தெக்குள்ள மொட்டெ!” என்று திம்மப்பன் தாளிப்புச் சத்தத்தோடு சத்தமாகச் சொல்லிவிட்டுத் தானே வாயில் அடித்துக்கொண்டார்.

கொஞ்ச நாளில் நிர்மலாவின் முகம் தெளிந்தது. பாத்தியிலிருந்து எழும்போது தள்ளாடவில்லை. வயிற்றில் பிள்ளை உதைப்பதைப் பூங்கொடியின் கையை இழுத்து வைத்துக் காட்டினாள். “அவங்கப்பன் மாதிரியே. கிளீனர் கணக்கா தட்டறான் பாரு, ரைட் ரைட்னு.” நர்ஸ் இமையைப் பார்த்துவிட்டு, “ம், இப்பதான் மனுசி மாதிரி இருக்க. இதே மாதிரி இரு” என்றாள்.

அப்போதுதான் ஒரே தட்டு நாள் வந்தது.

வருஷத்துக்கு ஒரு நாள் அய்யா தொழிலாளிகளோடு தரையில் உட்கார்ந்து அவர்கள் தட்டிலிருந்தே சாப்பிடுவார். பெங்களூர் பத்திரிகையிலிருந்து கேமராவோடு ஒரு பெண் வந்திருந்தாள். கர்ப்பிணியின் தட்டு படத்துக்கு நன்றாக இருக்கும் என்று அவள்தான் யோசனை சொன்னாள். அய்யா நிர்மலாவின் முன்னால் சம்மணம் போட்டார்.

“அய்யா, அது ஆறிப்போன களி. சூடா வேற கொண்டாரச் சொல்றேன்” என்றாள் பூங்கொடி.

“தொழிலாளி தின்னும் ஆறின களிதான் எனக்கு அமிர்தம்” என்று சொல்லி, கேமராவைப் பார்த்துச் சிரித்து, பாதி உருண்டையைக் கடித்தார்.

கேமரா ஓடியது. அவர் தாடை ஒரு கணம் நின்றது. கையில் மிச்சமிருந்த உருண்டையில் வெள்ளையும் நடுவில் மஞ்சளும் முழுநிலா மாதிரி தெரிந்தன. பத்திரிகைப் பெண் குனிந்து பார்த்தாள். “அது என்ன சார் உள்ளே?”

“பன்னீர்” என்றார் அய்யா. மென்றார். விழுங்கினார். கேட்டது கேமரா ஆயிற்றே, மிச்சத்தையும் தின்றார்.

அந்தப் பன்னீர் உருண்டை பத்திரிகையில் கலர்ப் படத்தோடு வந்து, விருந்தாளிகள் கேட்டுக் கேட்டு, மெனுவில் தனி இடம் பிடித்தது வேறு கதை. அன்று கார்கள் கிளம்பிப் போனதும் நிர்மலாவை ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டார்கள். பூங்கொடியும் பின்னாலேயே நுழைந்தாள்.

“கொண்டுவந்தது நான். என்னைக் கேளுங்க. என்னை வேலையை விட்டுத் தூக்குங்க.”

“உன்னைத் தூக்க மாட்டோம்மா” என்றார் மோகன்குமார் சோர்வாக. “நீ டிகிரி படிச்ச பொண்ணு. வெளிய போனா பேப்பர்ல எழுதுவே. நாளையிலிருந்து உனக்கு கேட்டுக்கு வெளிய கார் பார்க்கிங்ல டூட்டி. உள்ள வரத் தேவையில்ல.”

அய்யா நிர்மலாவிடம் மிகவும் கனிவாகப் பேசினார். “பயப்படாதே தாயே. இங்கே தண்டனை என்பதே கிடையாது. உன் உடம்புக்குள் ஓர் அந்நியம் புகுந்துவிட்டது. குழந்தைக்கும் போயிருக்கும். அதை வெளியேற்றித் தருவது என் கடமை. ஒரு வாரம் பூசணிச் சாறு மட்டும் குடி. இதே சிகிச்சைக்கு வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் வரிசையில் நிற்கிறார்கள், உனக்கு இலவசம்.”

“செய்யாத நிர்மலா” என்றாள் பூங்கொடி. “முடியாதுன்னு சொல்லு.”

நிர்மலா புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். “ரூமைக் காலி பண்ணச் சொன்னா எங்கக்கா போறது? நெறமாசத்துல?”

ஜோதியம்மாள் வாசலிலேயே நின்று கும்பிட்டாள். “குடிச்சிருவாங்க அய்யா. நான் பாத்துக்கறன்.”

அந்த வாரம் பூங்கொடி கேட்டுக்கு வெளியே நின்று கார்களுக்குக் கை காட்டினாள். டிபன் பாக்ஸ் வெளியே, நிர்மலா உள்ளே. வேலிக் கம்பி வழியாகப் பாத்தி தெரியும். விதைப்பு வேலைக்கு மட்டும் சிகிச்சையில் ஓய்வு இல்லை. மண்ணைத் தொட்டால்தான் சாறு வேலை செய்யும் என்று ஆலோசகர் சொல்லியிருந்தார். தூரத்தில் நிர்மலா குத்தவைத்து உட்காருவதும், எழும்போது ஒரு கையைத் தரையில் ஊன்றுவதும், பிறகு இரண்டு கையையும் ஊன்றுவதும் தெரிந்தது. பூங்கொடி வேலியருகே போய்க் கூப்பிட்டால் வாட்ச்மேன் விசில் ஊதுவான்.

ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகள் நிறைய வந்திருந்தார்கள். பீட்ரூட் பாத்தியில் ஒரு குடும்பம் பிடுங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில், பிடுங்கிய குழிகளில் மறுபடி வைக்க நிர்மலா கூடையோடு உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கவாட்டில் சாய்ந்தாள். கூடை உருண்டது. சேலை நனைந்து சரளை சிவந்தது.

“ஓ, பீட்ரூட் ஜூஸ் கொட்டிடுச்சா?” என்றார் ஒருவர் இங்கிலீஷில். அவர் பெண்டாட்டிதான் முதலில் அலறினாள்.

பூங்கொடி வாட்ச்மேனைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள். “காரு! யாராவது காரை உள்ள கொண்டாங்க!” மோகன்குமார் வியர்த்து வழிந்து குறுக்கே நின்றார். வளாகத்துக்குள் புகை கக்கும் வண்டி வரக் கூடாது. வேன் வரும் பெரிய கேட்டின் சாவி அய்யாவிடம் இருந்தது. அய்யா தியானத்தில் இருந்தார். விருந்தாளிகளைச் சுற்றிக் காட்டும் மாட்டு வண்டிதான் இருந்தது. கொம்புக்குக் குஞ்சம் கட்டி, கழுத்தில் சலங்கை போட்ட வண்டி. அதில் நிர்மலாவைப் படுக்கவைத்தார்கள். திம்மப்பன் மாட்டின் வாலை முறுக்கினார். சலங்கை குலுங்க வண்டி கேட்டை நோக்கி ஆடி ஆடிப் போனது. நடைபாதையில் புதிதாக வந்து இறங்கியவர்கள், இது கிராம அனுபவத்தில் ஓர் அங்கம் என்று நினைத்துப் படம் எடுத்தார்கள். ஒரு குழந்தை டாட்டா காட்டியது.

கேட்டுக்கு வெளியே ஷேர் ஆட்டோவை மறித்து, உள்ளே இருந்தவர்களை இறக்கிவிட்டு, ஓசூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது நிர்மலாவுக்கு உயிர் இருந்தது. வயிற்றிலிருந்ததற்கு இல்லை. ஆண் குழந்தை. டாக்டரம்மா கையுறையைக் கழற்றியபடி, “இவ உடம்புல ரத்தமே இல்லையே, இத்தனை நாள் என்னத்தைக் குடுத்தீங்க?” என்று கேட்டாள். ஜோதியம்மாள் சுவரைப் பார்த்து நின்றாள்.

ரத்தம் ஏற்றிய பின்னும் நிர்மலா நாள் கணக்கில் பேசவில்லை. பேசியபோது ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். “அக்கா, என்னை மறுபடி அந்த மண்ணுல கொண்டுபோய் உக்கார வெக்காதீங்க.”

நிர்மலாவை இங்கே கூட்டி வரப்போவதாக அன்று ராத்திரியே பூங்கொடி வீட்டில் சொன்னாள். கேட்கவில்லை, சொன்னாள். கருப்பசாமி அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். இருப்பதே ஒற்றை அறை. சரஸ்வதிதான் பரணில் ஏறிப் பழைய போர்வையை இறக்கினாள். “கூட்டிட்டு வாத்தா. பிள்ளையப் பெத்துப் பறிகொடுத்தவளுக்கு என்ன ஆக்கிப் போடணும்னு எனக்குத் தெரியாதா? ஒங்க அப்பா வாசல்ல படுத்துக்கிடட்டும்.”

பூமித்தட்டிலிருந்து மோகன்குமார் ஆள் அனுப்பியிருந்தார். விசாரணை முடிந்துவிட்டது, நன்றி வட்டத்துக்குக் கட்டாயம் வர வேண்டும் என்று.

அந்த வட்டத்துக்கு விருந்தாளிகளையும் அழைத்திருந்தார்கள். மாட்டு வண்டியைப் படம் எடுத்தவர்களில் ஒருவர் அதை இன்டர்நெட்டில் போட்டு, ஊர் பேச ஆரம்பித்திருந்தது. பாத்தி நடுவில் குழி வெட்டியிருந்தது. அதன் பக்கத்தில் ஜோதியம்மாள் புதுச் சேலையில், கையில் ஒரு முருங்கைக் கன்றோடு நின்றாள். முருங்கையைத் தேர்ந்தெடுத்தது ஆலோசகர். அதில் இரும்புச்சத்து அதிகம்.

அய்யா மைக்கைப் பிடித்தார். “ஒரு சிறு ஜீவன் நம்மிடம் வரப் பார்த்தது. வரும் வழியில் வெளி உணவு என்னும் விஷம் அதைத் தடுத்துவிட்டது. நம் குழு தீர விசாரித்துவிட்டது. சாற்றுச் சிகிச்சை இன்னும் சில நாள் முன்னால் தொடங்கியிருந்தால் காப்பாற்றியிருக்கலாம். அந்தத் தாமதத்துக்கு நானே பொறுப்பேற்கிறேன். யார்மேலும் எனக்கு வருத்தமில்லை. தெரியாமல் செய்த கைகளை இந்த மண் மன்னிக்கும். அந்தக் கைகளுக்குச் சொந்தக்காரி படித்தவள். தானே முன்வந்து உங்களிடம் பேசுவாள்.”

கூட்டம் திரும்பிப் பார்த்தது. மோகன்குமார் பூங்கொடியின் கையில் ஒரு தாளைத் திணித்தார். காதோரம் குனிந்தார். “முதல்ல தமிழ்ல படி, அப்புறம் இங்கிலீஷ்ல. வருத்தப்படறேன்னு ஒரு வரிதான். படிச்சிட்டா இன்னிக்கே நீ அசிஸ்டென்ட் மேனேஜர். உனக்காகச் சண்டை போட்டு வாங்கினேன்மா.”

“நிர்மலா நாளைக்கு டிஸ்சார்ஜ் சார்.”

“தெரியும். வண்டி அனுப்பறோம். ரூம் அப்படியேதான் இருக்கு. லைட் வேலையா, தக்காளி கட்டறது மட்டும் குடுக்கலாம்னு அய்யாவே சொல்லிட்டாரு.”

“வண்டி வேணாம்.”

தாளை அவர் கையிலேயே வைத்துவிட்டுப் பூங்கொடி வட்டத்துக்குள் நடந்தாள். பேசப் போகிறாள் என்று நினைத்து அய்யா மைக்கை நீட்டினார். அவள் மைக்கைத் தாண்டிப் போய் ஜோதியம்மாள் முன்னால் நின்றாள்.

“நிர்மலாவ எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். நீங்களும் வந்திருங்கம்மா.”

ஜோதியம்மாளின் கை கன்றை இறுக்கிப் பிடித்திருந்தது. வேரைச் சுற்றிய சாக்குத் துணியிலிருந்து தண்ணீர் சொட்டிப் புதுச் சேலை நனைந்தது. “நான் வந்துட்டா ரூமு போயிரும் கண்ணு. அஜித்து லாரியிலருந்து வந்தா எங்க வருவான்?” பிறகு இன்னும் தணிந்து, “நீ போ. அவள நல்லாப் பாத்துக்க. போ.”

“என்னம்மா அங்கே? பேசலாமே” என்றார் அய்யா மைக்கில். குரல் தோட்டம் முழுக்க எதிரொலித்தது.

பூங்கொடி திரும்பவில்லை. பாத்தி வரப்பில் நடந்தால் சுற்று. நேராகப் பாத்திக்குள் இறங்கி நடந்தாள். அன்று காலை வைத்த முள்ளங்கிகள் கால் பட்டுச் சாய்ந்தன. விருந்தாளிகள் ஒதுங்கி வழி விட்டார்கள். பின்னால் மோகன்குமார் ஏதோ கத்தினார். உடனே அய்யா, “போகட்டும், மௌனமும் ஒரு மன்னிப்புதான்” என்று மைக்கில் சொல்ல, கை தட்டல் எழுந்தது.

கேட்டில் வாட்ச்மேன் பழக்க தோஷத்தில் கையை நீட்டினான். “பையத் தெறங்க மேடம்.”

“வெளியதான் போறேன்.”

அவன் யோசித்தான். வெளியே போகிறவர்களுக்கு விதி இருந்ததாக அவனுக்கு ஞாபகம் இல்லை. கையை இழுத்துக்கொண்டான்.

கேட்டு வாசலிலேயே ராயக்கோட்டை பஸ் வந்து நின்றது. கண்டக்டர் அவளைப் பார்த்து, “ஏறும்மா, ஏறு” என்றான். அவள் தலையை ஆட்டிவிட்டு, பஸ் நகரும்வரை பொறுத்திருந்து, ரோட்டைக் கடந்து ஓசூர் போகிற பக்கத்தில் போய் நின்றாள்.